பின்னல் வேலை சும்மா வேலையா?



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நம்ம கணக்காளர் தங்கச்சி கேட்டபோது, "எனக்கு ஊசி பிடிக்கத்தான் தெரியும், பேனா பிடிக்க வராது"ன்னு தட்டிக் கழிக்கப் பார்த்தேன். "அப்ப அந்த ஊசியைப் பத்தியே எழுதுங்கக்கா"ன்னு சொல்லிட்டா. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். நாம் கையில் எடுக்கும் ஊசிக்கும் நூலுக்கும் பெரிய வரலாறு இருக்கிறது. அதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன்.

நம்ம கீழ்புத்துப்பட்டில் வருஷம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தை பிறந்து வெயில் ஏறினால் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டுவதும், உப்பு வாருவதும், கூடை சுமப்பதும் தொடங்கும். ஐப்பசி மழை இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். பாத்தியில் மழைத் தண்ணீர் நின்ற பிறகு அங்கே யாருக்கும் வேலை இல்லை. கடலிலும் காற்று, அதனால் படகும் போகாது. அந்த மூன்று மாதம்தான் எங்கள் தெருவில் ஊசியும் நூலும் வெளியே வரும்.

காலையில் சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஆட்டைக் கட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பத்து மணி ஆகும். கைக்குழந்தைத் தொப்பி, சாக்ஸ், மேஜை விரிப்பு, உல்லன் நூலில் வாசல் தோரணம், ஒயர் கூடை என்று எது கேட்டாலும் செய்வேன். ஒயர் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு மூன்றும் வரும். உப்புக் காற்றில் இரும்பு ஊசி வைத்தால் ஒரு வாரத்தில் துரு ஏறி, வெள்ளை நூலில் பழுப்புக் கறை பிடித்துவிடும். அதனால் அலுமினிய ஊசிதான் வாங்குவேன். நூலைத் தகர டப்பாவில் போட்டு மூடி வைப்பேன். இதெல்லாம் யாரும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது ஒயர் கூடைக்கு மறுபடியும் கிராக்கி வந்தது. "ஒயரும் பிளாஸ்டிக்தானேம்மா"ன்னு என் மகள் கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் என் மாமியார் பின்னிய கூடை ஒன்று இருபது வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறது. கேரி பேக் ஒரு நாள்கூட உழைப்பதில்லை. எதில் செய்தது என்பதோடு எத்தனை நாள் உழைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எனக்குக் குரோஷா சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர் முகாமில் இருக்கிற இலங்கை அக்கா ஒருவர். போருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர். "நூலை இறுக்கிப் பிடியாதை பிள்ளை, அது தானா வரும்" என்பார். நாம் லேஸ் என்று சொல்வதை அவர் ரேந்தை என்பார். அது போர்த்துகீசியரின் 'ரெண்டா' என்ற சொல்லில் இருந்து வந்தது. 1505-ல் இலங்கைக்கு வந்து, 1658 வரை அங்கே இருந்தவர்கள் போர்த்துகீசியர்கள். அவர்கள் போய் முந்நூற்றைம்பது வருஷம் ஆகியும் சொல் போகவில்லை. இலங்கையின் தெற்கே காலி, வெலிகம பக்கத்தில் பெண்கள் மரக் குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னும் பீரலு ரேந்தை இன்னும் இருக்கிறது. 2021-ல் நம் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். அந்த அக்காவின் கைத்தொழிலுக்கும் ஒரு மரியாதை வந்தால் இன்னும் நல்லது.

நாகர்கோவிலில் நடந்தது

தமிழ் பேசும் மண்ணில் லேஸ் வேலை வேர் பிடித்தது நாகர்கோவிலில். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. 1819-ல் லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட் அங்கே வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, 1821 வாக்கில் லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். நாம் கொக்கி ஊசியில் போடுவது போன்றது இல்லை அது. திண்டு மாதிரி ஒரு மெத்தையில் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் குச்சிகளில் நூல் சுற்றி, குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூட மேலாடை போடக்கூடாது என்றும் கட்டுப்பாடு இருந்தது. அந்த மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மால்ட் அம்மாவின் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து லேஸ் பின்னினார்கள். லேஸ் விற்ற காசு அவர்கள் கைக்கு வந்தது. அந்தக் காசைக் கொடுத்து அடிமைத்தனத்தில் இருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். மேலாடை போட உரிமை கேட்டு நடந்த போராட்டம் பல அடிதடிகளுக்குப் பிறகு 1859-ல் அரசாணையில் முடிந்தது. சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஒரு பெண் நூலைப் பின்னி விடுதலை வாங்கினாள் என்பதை நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கும்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. இவர் 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினாரே, அதே கால்டுவெல்தான். அந்தப் புத்தகம் 1856-ல் வந்தது. அதைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் எலைசா அம்மா இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, தேரிக்காட்டு மண்ணில் லேஸ் தொழிலை வளர்த்தது பாடப் புத்தகத்தில் இல்லை. கணவர் எழுதிய எழுத்து வரலாறு ஆனது. மனைவி கற்றுக் கொடுத்த பின்னல் 'கைவேலை' ஆனது.

வெளிநாட்டிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. 1845-லிருந்து 1849 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். அப்போது கார்க் நகரக் கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக் கொடுத்தார்கள். நிலம் கைவிட்டபோது பல குடும்பங்களுக்கு ஊசி சோறு போட்டது.

அதே நூல், வேறு கதை

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் ஆந்திராவில், கோதாவரிக் கரையில் இருக்கிற நரசாபூர் கதையையும் சொல்ல வேண்டும். அங்கேயும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷன்காரர்கள்தான் தொடங்கி வைத்தார்கள். அங்கே குரோஷா, நாம் போடுகிற அதே கொக்கி ஊசி. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிற அளவுக்குத் தொழில் வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டு அம்மா அங்கே போய் ஆராய்ச்சி செய்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பார்த்தது இதுதான்: பெண்கள் வீட்டு வேலை எல்லாம் பார்த்துவிட்டு நாள் முழுக்கப் பின்னினார்கள். கிடைத்த கூலி, விவசாயக் கூலியைவிடக் குறைவு. நூல் கொடுத்து லேஸ் வாங்கிப் போன வியாபாரிகள் மாடி வீடு கட்டினார்கள். காரணம் என்ன? "இவங்க வேலைக்காரிங்க இல்ல, குடும்பப் பொம்பளைங்க. சும்மா இருக்கிற நேரத்துல பொழுதுபோக்காப் பின்னுறாங்க" என்று வியாபாரி சொன்னான், கணவன் சொன்னான், அந்தப் பெண்களும் அப்படியே நம்பினார்கள். தன்னைத் தொழிலாளி என்று நினைக்காதவள் எப்படிக் கூலி கேட்பாள்?

அந்தப் பெண்களைத் திரட்டப் போனது சென்னையில் இருந்து ஒரு சங்கம். ஜெயா அருணாசலம் அம்மா 1978-ல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு நரசாபூர் லேஸ் பெண்களைச் சேர்த்து, கடன் கொடுத்து, இடைத்தரகரை நம்பாமல் தொழில் செய்ய வழி காட்டியது. குஜராத்தில் அதற்கு முன்பே, 1972-ல், எலா பட் அம்மா சேவா சங்கத்தைத் தொடங்கி, வீட்டில் இருந்து வேலை செய்கிறவளும் தொழிலாளிதான் என்று வாதாடினார். அப்படிப் பல நாட்டுப் பெண்கள் போராடியதால் 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழித் தொழிலாளர்களுக்கென 177-ஆம் எண் உடன்படிக்கை கொண்டுவந்தது. மற்றத் தொழிலாளிக்கு உள்ள கூலி, பாதுகாப்பு இவளுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போடவில்லை. நரசாபூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு துணிக்குத்தான் கிடைத்திருக்கிறது. பின்னின கைக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்பேன்.

நாகர்கோவிலில் விடுதலை வாங்கிக் கொடுத்த நூல், நரசாபூரில் ஏன் கட்டிப் போட்டது? வேலையில் வித்தியாசம் இல்லை. காசு யார் கையில் நின்றது, விலையை யார் சொன்னார்கள், அதில்தான் வித்தியாசம்.

எங்கள் தெருவுக்கு வந்த ஆர்டர்

இதைப் படித்தது எனக்கு எப்போது உதவியது என்று சொல்கிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கத்தில் கரையைக் கடந்தது நமக்கு மறக்காது. நம்ம மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. உப்பளம் குளம் ஆனது. என் தகர டப்பாவுக்குள்ளேயே தண்ணீர் போய் நூலெல்லாம் பூசணம் பிடித்தது.

அடுத்த மாதம் ஒரு வியாபாரி வந்தார். 300 கைக்குழந்தைத் தொப்பி வேண்டும், நூல் நான் தருகிறேன், தொப்பிக்கு 45 ரூபாய் என்றார். "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல செய்யறதுதானேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நரசாபூர் வியாபாரி சொன்ன அதே வார்த்தை!

அன்று ராத்திரி ஒரு தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டேன். பூ வைத்து, நாடா கோத்து முடிக்க 3 மணி நேரம். அப்படியானால் ஒரு மணிக்கு 15 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து பின்னினால் 120 ரூபாய். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்திருந்த நாள் கூலி 319 ரூபாய். மகள் செல்போனில் தேடிக் காட்டினாள், அதே மாதிரித் தொப்பி 450 ரூபாய்க்கு விற்கிறது.

குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னேன். மணிக்கு 40 ரூபாய் வீதம் தொப்பிக்கு 120 கேட்போம் என்று முடிவு செய்தோம். பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். வியாபாரி சிரித்துவிட்டு, "வேற ஊரு பாத்துக்கறேன்"னு போனார். ஆனால் நாலு நாள் கழித்துத் தெரிந்தது, எங்கள் குழுத் தங்கச்சி ஒருத்தி அவரிடம் 80 தொப்பிக்கு நூல் வாங்கி வைத்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "ஒருத்தி கை நீட்டினா பன்னிரண்டு பேருக்கும் விலை போச்சு"ன்னு கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "விலை பேசணும்னா வீட்ல அரிசி இருக்கணும்க்கா. உங்க வீட்ல இருந்துச்சு, என் வீட்ல இல்ல"ன்னு சொன்னாள். அவள் வீட்டில் கூரை போய், வாரத் தவணை வேறு கழுத்தைப் பிடித்திருந்தது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருதான்.

எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. நாகர்கோவில், நரசாபூர் என்று ஊர் ஊராகப் படித்த நான், பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவில்லை. அவளிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த மலரிலும் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

நம்ம குழுக்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1991-92-ல் சேலத்துக்கும் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தன. விழுப்புரம் அப்போது தென்னாற்காட்டில்தான் இருந்தது. அதனால் தமிழ்நாட்டிலேயே முதலில் குழு கண்ட மாவட்டங்களில் நம்ம மண்ணும் ஒன்று. 1997-98-ல் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. ஆளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் சேர்த்து, வட்டிக்காரரிடம் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். கடன் விஷயத்தில் ஒற்றுமை வந்தது. விலை விஷயத்தில் இன்னும் வரவில்லை.

உலகச் செய்தியையும் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பின்னலாடைத் தொழில் ஆடிப் போனது. ஒரே வாங்குகிறவனை நம்பினால் பெரிய முதலாளிக்கே இந்தக் கதி. ஒரு வியாபாரியை நம்பி நாம் திண்ணையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியது. அதை உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் பெண் செய்கிற கூலியில்லாத வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசே ஒத்துக்கொண்டது. அப்படி இருக்கும்போது, ஊசி பிடித்துச் செய்கிற வேலையை நாமே சும்மா வேலை என்று சொல்லலாமா?

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை மூன்று.

ஒன்று: பின்னல், கூடை, தையல் எதுவானாலும் ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வைக்க ஒரு நோட்டு. குழுவில் சேமிப்புக்கு நோட்டு போடுவது போலத்தான். நேரம் தெரியாமல் விலை சொல்ல முடியாது.

இரண்டு: மணிக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சக் கூலியைக் கூட்டமைப்பே முடிவு செய்து, எந்த ஊரில் ஆர்டர் வந்தாலும் அதற்குக் கீழே போவதில்லை என்று தீர்மானம். "வேற ஊரு பாத்துக்கறேன்" என்று கிளம்புகிறவர் அடுத்த ஊரிலும் அதே விலையைக் கேட்க வேண்டும்.

மூன்று, இதுதான் முக்கியம்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு ஒரு மழைக்கால நூல் நிதி. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அதுபோல நம்ம சுழல் நிதியில் கொஞ்சம் ஒதுக்கி, வேலை இல்லாத மாதங்களில் உறுப்பினருக்கு நூலும் முன்பணமும் கொடுத்தால், செய்த பொருளைத் தை மாதம் மதி விற்பனை மையத்திலும் கண்காட்சியிலும் விற்றுக் கழித்துக்கொள்ளலாம். இந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டையும் தீர்மானம் போட்டால் அது தாளில்தான் இருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அந்தத் தங்கச்சிதான்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில் உபாசனாவில் நம்ம கடற்கரைப் பெண்கள் மிச்சத் துணியில் சுனாமிகா என்ற சின்னப் பொம்மை செய்தார்கள். விலைக்கு விற்காமல் அன்பளிப்பாகவே அது பல நாடுகளுக்குப் போனது. 2016 ஜனவரி 31-ல் சென்னையில் குரோஷா போடும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பின்னி அனுப்பி, 11,148.5 சதுர மீட்டரில் ஒரு போர்வை விரித்து உலக சாதனை செய்தார்கள். பிறகு அதைப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள்.

அந்த வியாபாரி திரும்ப வரவில்லை. தங்கச்சி 80 தொப்பியை முடித்துக் கொடுத்து 3,600 ரூபாய் வாங்கினாள். இப்போது எங்கள் குழுவில் நேரம் குறிக்கிற நோட்டு ஒன்று இருக்கிறது. அதை எழுதுவது அவள்தான். என்னைவிடக் கறாராக எழுதுகிறாள். நடுவில் எழுந்து பால் காய்ச்சப் போனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கழித்துவிடுகிறாள்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்று கோரிக்கையையும் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன். வரும்போது நீங்கள் செய்த பொருள் ஒன்றையும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிய சீட்டையும் எடுத்து வாருங்கள்.